எட்டுச் சைக்கிள்களும் ஒரு கடல் பாதையும்

"சுற்றுலா எண்டு வீட்டில சொல்ல ஏலாது மிஸ். யாத்திரை எண்டு கடிதத்தில போடுங்க. அப்பத்தான் விடுவாங்க."

கொச்சிக்கடையில் எங்கள் பெண்கள் குழு கூடும் சிறிய மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை பின்நேரம் இந்தக் கதை தொடங்கியது. குழுவில் எட்டுப் பேர். நான்கு பேர் வடக்கிலிருந்து வெவ்வேறு ஆண்டுகளில் இடம்பெயர்ந்து வந்தவர்கள். மற்ற நான்கு பேரும் ஜம்பட்டா வீதிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அந்தோனியார் கோவிலில் காயப்பட்டவர். அன்றிலிருந்து ஆட்கள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் அவரால் மூச்சு விட முடிவதில்லை. பஸ்ஸும் வானும் வேண்டாம், வெளிச்சமும் காற்றும் உள்ள இடமாகப் போவோம் என்று கேட்டவர் அவர்தான். சைக்கிள் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது.

யாத்திரை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கோவிலுக்குப் போவது நல்லது, ஆனால் அதற்கு மட்டும்தான் பெண்ணுக்கு வீட்டில் விடுமுறை கிடைக்குமா? கடிதத்தில் "இரண்டு நாள் விடுமுறைப் பயணம்" என்றே எழுதினோம். இரண்டு வீடுகளில் சண்டை வந்தது. ஒரு வீட்டில் மாமியார், "நானும் வரட்டோ?" என்று கேட்டாராம்.

சகோதரிகளே, எங்கள் திட்டம் இதுதான். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம் வழியாகத் தீவகத்துக்குள் போவது. அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, கரம்பொன் தாண்டி ஊர்காவற்றுறையில் இரவு தங்குவது. மறுநாள் காலை அங்கிருந்து கடலைக் கடந்து காரைநகர், பிறகு பொன்னாலை, வட்டுக்கோட்டை வழியாக மீண்டும் யாழ்ப்பாணம். வட்டமாகப் போய் வருவதால் போன வழியே திரும்பத் தேவையில்லை. ஏறக்குறைய 50 கிலோமீற்றர். மணிக்கு 10 கிலோமீற்றர் ஓடினாலும், நின்று நின்று போக இரண்டு நாள் தாராளம். மலை இல்லை, ஏற்றம் இல்லை. எதிரி காற்று ஒன்றுதான்.

மே மாதத்திலிருந்து செப்ரெம்பர் வரை சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். பாலத்தில் மறைப்பு எதுவும் கிடையாது. அந்தக் காலத்தில் போனால் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை மழை. ஆகவே 2025 பெப்ரவரியைத் தெரிந்தோம். மழை ஓய்ந்து வெயில் முற்றாத நாட்கள். பனங்கிழங்கும் கிடைக்கும்.

பணத்துக்குச் சீட்டுப் பிடித்தோம். வாரம் 300 ரூபா, ஆறு மாதம். சைக்கிளைக் கொழும்பிலிருந்து கொண்டுபோகவில்லை. யாழ்ப்பாணத்தில் தெரிந்த வீடுகளில் இரவல் வாங்கினோம். அங்கே சைக்கிள் இல்லாத வீடு குறைவு. பழைய லுமாலா லேடீஸ் சைக்கிள்கள்தான். ஒன்றுக்கு பிரேக் கட்டை தேய்ந்திருந்தது, இன்னொன்றுக்கு மணி இல்லை. முதல் நாளே திருத்துநரிடம் காட்டினோம். ஒட்டுப் போடும் சாமானும் காற்றடிக்கும் பம்மும் ஒருவருடைய கரியரில் கட்டாயம் இருக்க வேண்டும். தீவுக்குள் கடைக்குக் கடை தூரம்.

ஓடப் பழகியது மட்டக்குளியில், காக்கைத்தீவுக் கடற்கரையில். ஞாயிறு காலை ஆறு மணிக்கு. கொச்சிக்கடை வீதியில் துறைமுகத்து லொறிகளுக்கு நடுவே யார் பழகுவது? மூன்று பேர் அதற்கு முன் சைக்கிளில் ஏறியதே இல்லை. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குப் பழக்கியது என்றும், சுமார் ஒரு இலட்சம் பேர் பழகினார்கள் என்றும் நான் சொன்னேன். "அவங்களுக்கும் இப்பிடி முழங்கால் உரிஞ்சிருக்குமா மிஸ்?" என்று கேட்டார் ஒருவர்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் ஒருவரை எல்லோரும் வேலணை அக்கா என்போம். பயண அட்டவணையை நான்தான் தயாரித்தேன். அதில் "வேலணை: 15 நிமிடம், தேநீர்" என்று அச்சடித்திருந்தேன். தாளைப் பார்த்துவிட்டு அக்கா அதை மடித்து என் கையில் தந்தார்.

"நான் வரேல்லை பிள்ளை. எனக்குச் சைக்கிள் மறந்து போச்சு."

அவருக்குச் சைக்கிள் மறக்கவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கால் எட்டாத வயதில் அண்ணனுடைய சைக்கிளின் பாருக்குக் கீழால் காலை விட்டு ஓடிப் பழகியவர் அவர். 1990 ஓகஸ்டில் தீவகத்தில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது அவருக்குப் பதினைந்து வயது. ஒரு காலை அரிசி வாங்கச் சைக்கிளில் போன அண்ணன் திரும்பவில்லை. சைக்கிளும் வரவில்லை. குடும்பம் யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. 1995 ஒக்ரோபர் 30 இரவு அங்கிருந்தும் வெளியேறியது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பெற்றோலும் இல்லாத அந்த ஆண்டுகளில் சைக்கிள்தான் எல்லாம். நோயாளியை ஏற்றினார்கள், விறகு ஏற்றினார்கள், டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். அவ்வளவு காலமும் அக்கா சைக்கிளில் ஏறவில்லை. நடந்தே போனார்.

சமூகவியல் படித்தவள், பத்து வருடமாக இந்த வேலை செய்கிறவள், ஒருவருடைய ஊருக்கு 15 நிமிடம் ஒதுக்கிவிட்டேன். மற்றவர்களுக்காகத் திட்டம் போட்டுப் போட்டு, கேட்கும் பழக்கம் எனக்குக் குறைந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை புதுத் தாளில் எல்லோருமாக எழுதினோம். முதல் நாள் பின்நேரம் முழுவதையும் வெறுமையாக விட்டோம். யார் எங்கே நிற்க விரும்பினாலும் நிற்கலாம், எவரும் காரணம் கேட்கக் கூடாது. அக்கா வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பயணத்துக்கு முந்திய ஞாயிறு காக்கைத்தீவுக்கு வந்து, ஒரு சைக்கிளை வாங்கி ஒரு சுற்று ஓடிவிட்டு, "சீற் உயரம்" என்றார்.

ரயிலில் போனோம். வடக்குப் பாதை அண்மைய ஆண்டுகளில் திருத்த வேலைகளுக்காக மாதக் கணக்கில் மூடப்பட்டதுண்டு. நீங்கள் புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ்ஸும் உண்டு.

காலை ஐந்தரைக்குக் கோட்டைப் பக்கமிருந்து பண்ணைப் பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் முழங்காலளவு நீர், இறால் கூடு கட்டிய தடிகள், தூரத்தில் வெள்ளையாகப் பறவைகள். மூச்சுத் திணறும் எங்கள் சகோதரி நடுப்பாலத்தில் சைக்கிளை நிறுத்தி இரண்டு கையையும் விரித்து நின்றார். பின்னால் வந்த மீன்காரர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார்.

அல்லைப்பிட்டியில் நாங்கள் பேசாமல் ஓடினோம். 2006 மே மாதம் அங்கும் அயல் ஊர்களிலும் ஒரே இரவில் 13 பொதுமக்கள் கொல்லப்பட்டதை எங்களில் பலர் அறிவோம். மண்கும்பானில் மணல் மேடுகள். அதன் பிறகு பனை, பனை, பனை. நடுநடுவே கூரை இல்லாத வீடுகள். சொந்தக்காரர்கள் ரொறன்ரோவிலோ பரிஸிலோ இருப்பார்கள். படம் எடுக்கும் ஆசையில் அந்தக் காணிகளுக்குள் இறங்காதீர்கள். பற்றைக்குள் மூடாத கிணறுகள் உண்டு.

வேலணையில் வங்களாவடிச் சந்தி தாண்டி ஓர் ஒழுங்கை முனையில் அக்கா இறங்கினார். நாங்கள் தள்ளி நின்றோம். ஒழுங்கைக்குள் வீடு இல்லை, அத்திவாரமும் ஒரு கிணற்றுக் கட்டும் தெரிந்தன. அவர் உள்ளே போகவில்லை. சீற்றில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "சாட்டியில குளிக்கிறதெண்டால் இப்ப வெளிக்கிட வேணும்" என்றார். சாட்டியில் சிந்தாத்திரை மாதா கோவிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுக் கடலில் இறங்கினோம். யாத்திரை என்று சொன்னவர்களும் ஏமாறவில்லை.

எந்தக் கையேட்டிலும் இல்லாத சில விசயங்கள். மலசலகூடத்துக்குக் கோவில்களையும் பங்குமனைகளையும் கேளுங்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். சல்வார் கால் சங்கிலியில் மாட்டும், றப்பர் வளையம் போடுங்கள். தீவகத்தில் பல கிணறுகள் உவர், ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் வேண்டும். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் ஓடாதீர்கள்.

கரம்பொன் தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த ஊர். ஊர்காவற்றுறையில் புனித அந்தோனியார் பெயரில் ஒரு கல்லூரி இருப்பதைக் கண்டு கொச்சிக்கடைச் சகோதரிகளுக்கு ஒரே பெருமை.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் மிதவையை அங்கே "பாதை" என்பார்கள். காசு கேட்பதில்லை, சைக்கிளும் ஏற்றலாம். அடிக்கடி பழுதாகும், முதல் நாளே விசாரித்து வையுங்கள். நடுக்கடலில் இடது பக்கம் ஒல்லாந்தர் பெயரிட்ட ஹம்மன்ஹீல் கோட்டை. பன்றித் தொடையின் குதிகால் என்று பொருளாம். இலங்கையின் வடிவம் அவர்களுக்கு இறைச்சியாகத் தெரிந்திருக்கிறது! காரைநகர் கசூரினா கடற்கரையில் இளம் பிள்ளைகள் படம் எடுத்தார்கள், நாங்கள் நிழலில் படுத்தோம்.

பொன்னாலைப் பாலத்தில் காற்று முதுகுக்குப் பின்னால் வந்தது. வேலணை அக்கா எங்களைத் தாண்டிப் போனார். "அக்கா, மெல்ல!" என்று கத்தினோம். அவருக்குக் கேட்கவில்லை. பாலம் முடிந்து ஒரு கடை வாசலில் அவருடைய சைக்கிள் சாத்தியிருந்தது. உள்ளே வாங்கில் இருந்தபடி எட்டுத் தேத்தண்ணீருக்குச் சொல்லியிருந்தார், ஒன்றுக்குச் சீனி இல்லாமல்.