வாசிக்கப்படாத ஜெபக் குறிப்பு



ஞாயிறு ஆராதனையில் ஜெபப் பெட்டியின் சீட்டுகளை நான் பிரித்து வாசிப்பதை அறிவீர்கள். சுகவீனம், கடன் பாரம், வேலையின்மை, கடலுக்குச் சென்றிருப்போரின் பாதுகாப்பு என்று அவை பெரும்பாலும் நமக்குப் பழகிய பாரங்களே. சில மாதங்களுக்கு முன்பு, பள்ளி நோட்டிலிருந்து கிழித்த தாளொன்றில் பென்சிலால் எழுதிய குறிப்பு வந்தது. மணியைக் காணவில்லை, ஜெபியுங்கள் என்றிருந்தது. மணி யார் என்று அருகிலிருந்த மூப்பரிடம் கேட்டேன். நாய் என்றார். சீட்டை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். எழுதிய சிறுவன் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்தான் என்பது பின்னரே எனக்குத் தெரிந்தது.

அவ்வாரம் காசிமேட்டில் அவன் வீட்டிற்குச் சென்றேன். அங்குள்ள வீடுகளின் அமைப்பை நீங்கள் அறிவீர்கள். ஓர் அறை, அதன் முன் இரண்டு முழம் இடம், அப்பால் தெரு. மதிலும் இல்லை, கேட்டும் இல்லை. வாசற்படியில் நாய் படுத்திருக்கும் இடமே வீட்டின் எல்லை. அந்த இடத்தில் கழுத்துப்பட்டை ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சிறுவனின் பாட்டி நடந்ததைச் சொன்னார்கள்.

மாலையில் எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரமாக அவர்கள் மணியை அழைத்துச் செல்வது வழக்கம். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் அவ்விடத்தில் இருசக்கர வாகனத்தில் வந்த இரு இளைஞர்கள், நாய் அழகாயிருக்கிறதே, என்ன இனம், என்ன வயது, எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று அன்போடு விசாரித்தார்கள். பாட்டி மகிழ்ந்து எல்லாவற்றையும் சொன்னார்கள். லாப்ரடார் கலப்பு, இரண்டு வயது, பேரனுக்குத் தெரிந்தவர் கொடுத்தது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர்கள் பிஸ்கட்டுடன் வந்தார்கள். நான்காம் நாள் பால் வாங்கக் கடைக்குள் நுழையுமுன் பாட்டி மணியை வெளியே கம்பத்தில் கட்டினார்கள். திரும்பி வந்தபோது கழுத்துப்பட்டையும் கயிறும் மட்டுமே கிடந்தன.

"அது குரைக்கவே இல்லை ஐயா. தெரிஞ்சவங்க கூடப் போற மாதிரி வாலை ஆட்டிக்கிட்டே போச்சாம்" என்றார்கள்.

அந்தச் சொல் என்னைவிட்டு அகலவில்லை. வீட்டிற்குத் திரும்பிச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடினேன். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டு என்றால் என்ன என்பதை விளக்கக் கொடுக்கப்பட்ட உதாரணங்களில் ஒன்று நாயைப் பற்றியதே. ஒருவன் தன் பையில் இரையை வைத்துக்கொண்டு, பிறனுடைய நாயைத் தன் பின்னே வரச் செய்கிறான். கவரும் நோக்கம் இருந்தால், நாய் அவனைப் பின்தொடரத் தொடங்கிய கணத்திலேயே திருட்டு முடிந்துவிடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவிலும் அவ்வுதாரணம் இருக்கிறது. காசிமேட்டுப் பாட்டிக்கு நேர்ந்ததை யாரோ நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டு எழுதியதுபோல் இருந்தது.

அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. திருடப்பட்ட பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புடையதாய் இருந்து, முதல் முறை தண்டனை பெறுபவன் அதைத் திரும்பக் கொடுத்துவிட்டால், அவனுக்குச் சமூக சேவையே தண்டனை. இரக்கமுள்ள ஏற்பாடுதான், நான் குறை கூறவில்லை. ஆயினும் இனமறியாத கலப்பு நாய்க்குச் சந்தையில் என்ன விலை? நானும் அன்று ஜெபப் பெட்டியின் முன் நின்று ஒரு விலைதான் போட்டேன். நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் சொன்ன உவமையில் ஏழையிடமிருந்து பறிக்கப்பட்டதும் ஒரே ஓர் ஆட்டுக்குட்டிதான். அவன் தட்டில் உண்டு, அவன் மடியில் வளர்ந்த பிராணி அது. மந்தைகளுடைய ராஜாவுக்கே அதைக் கேட்டபோது கோபம் மூண்டது. போதகனாகிய எனக்கு மூளவில்லை.

நம் முன்னோர் நாய்க்கு வேறு மதிப்பு வைத்திருந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கள்வரோடு போரிட்டு மாண்ட வீரனுக்கு அருகில் அவனுடைய நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் பொறித்திருக்கிறார்கள். கள்வரிடமிருந்து நம்மைக் காத்த பிராணியைக் கள்வரிடமிருந்து நாம் காக்கவேண்டிய காலம் இது.

எனவே உங்களிடம் சில காரியங்களைப் பேச விரும்புகிறேன். வழியில் சந்திக்கும் அந்நியரிடம் நாயின் இனத்தையும் விலையையும் நடைக்கு வரும் நேரத்தையும் சொல்லவேண்டாம். மரியாதைக் குறைவு என்று எண்ணாதீர்கள், புன்னகைத்துக் கடந்து செல்லலாம். டீக்கடை, பால் கடை வாசலில் ஒரு நிமிடமும் கட்டிவைக்காதீர்கள். தளர்ந்த கழுத்துப்பட்டை தலைவழியே கழன்றுவிடும். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை அவ்வளவு எளிதில் கழலாது. பட்டையில் தொலைபேசி எண்ணைப் பொறியுங்கள், நாயின் பெயரைப் பொறிக்காதீர்கள். பெயரை அறிந்தவன் பெயர் சொல்லி அழைத்துவிடுவான். பிறர் கையிலிருந்து உண்ணாதபடி பழக்குவது கடினம், எங்கள் வீட்டு நாயிடம் நான் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். மதிலில்லாத வீடுகளில் இரவில் நாயை அறைக்குள் படுக்க வையுங்கள். இடம் குறுகும், தெரியும்.

இவற்றிலெல்லாம் முக்கியமானது மைக்ரோசிப். தோலுக்கடியில் வைக்கப்படும், அரிசி மணியளவு கருவி அது. நாய் எங்கிருக்கிறது என்று அது காட்டாது. பலரும் அப்படி நம்பி ஏமாறுகிறார்கள். கருவியால் வருடும்போது பதினைந்து இலக்க எண் ஒன்றைக் காட்டும், அவ்வளவே. ஆனால் அந்த எண் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால், இது யாருடைய நாய் என்ற வழக்கு அங்கேயே முடிந்துவிடும். பெருநகர சென்னை மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்திற்குக் கட்டணம் 50 ரூபாய்தான். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். 2025-இன் இறுதியில், உரிமம் இல்லாதோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்தபோது நம்மில் பலர் முறுமுறுத்தோம். மணிக்குச் சிப் இல்லை, உரிமமும் இல்லை. தொலைந்துபோனால் காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது பெறுங்கள். அப்போது கொடுக்க, உடலின் அடையாளங்கள் தெரியும் புகைப்படம் இப்போதே உங்களிடம் இருக்கட்டும்.

இனி எழுதுவதைச் சற்றுத் தயக்கத்தோடு எழுதுகிறேன். மணி காணாமற்போன சில வாரங்களில் நம் சபைக் குடும்பம் ஒன்றில் புதிய நாயைக் கண்டேன். திருவொற்றியூரில் சாலையோரத்தில் நின்ற ஒருவரிடம் 2,000 ரூபாய்க்குக் கிடைத்ததாம். வளர்ந்த நாய், சொன்ன சொல்லுக்கு உட்கார்ந்தது. தடுப்பூசி அட்டை எங்கே என்று கேட்டேன். வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உட்காரப் பழக்கியது யார் என்று கேட்டபோது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அவர்களுடைய மகள் நாயைக் கட்டிக்கொண்டாள். சகோதரனுடைய பிராணி வழிதப்பி வந்தால் அவன் தேடி வருமட்டும் வைத்திருந்து திரும்பக் கொடுக்க வேண்டும் என்ற உபாகமத்தின் கட்டளையை நான் அங்கே எடுத்துச் சொல்லவில்லை. அவர்களுக்கே அது தெரியும். மலிவாய் வாங்குகிறவன் இல்லாவிட்டால் பிஸ்கட்டோடு வருகிறவனும் இல்லை என்பதையும் நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அந்தத் தகப்பனார் அதைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். சிப் இருந்தது. அன்று மாலையே உரியவர்கள் வந்து பெற்றுச் சென்றார்கள். அந்த மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். 2,000 ரூபாயும் திரும்பவில்லை.

அடுத்த ஞாயிறு, வேதாகமத்திலிருந்து அந்தப் பென்சில் சீட்டை எடுத்து முதலாவதாக வாசித்தேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முதிய அம்மையார் ஒருவர் எழுந்து, நாய் என்ன நிறம் என்று கேட்டார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து சிறுவன் எழுந்து பதில் சொன்னான். வெளிர் மஞ்சள். இடது காதின் நுனியில் ஒரு கிழிசல். வலது முன்காலில் மட்டும் வெள்ளை. மணி என்று அழைத்தால் தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கும்.

ராயபுரத்திலோ எண்ணூரிலோ வேறெங்கோ நீங்கள் அதைக் கண்டால், ஆலய அலுவலகத்தில் தெரிவியுங்கள்.