வரியும் வறியும்

எங்கள் வீட்டில் எனக்கு நக்கீரர் என்று பெயர். வைத்தது என் மனைவி. கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்த நேரம் பார்ப்பதற்கு முன்னால் சந்திப்பிழை பார்க்கிற ஜென்மம் நான்.

புனேயில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பொங்கல் விழாவுக்கு வசூல் பண்ண ஆரம்பித்தது. கொரோனா சமயத்தில் ஆளாளுக்கு டீமேட் கணக்கு திறந்ததில், அது மெல்ல ஷேர் மார்க்கெட் குழுவாகிவிட்டது. எனக்கோ பங்குகளைப் பற்றி அரைகுறை ஞானம்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? அவர்கள் டிப்ஸ் கொடுப்பார்கள், நான் பிழை திருத்துவேன். 'பங்குசந்தை' என்று போட்டால் நடுவில் ச் எங்கே என்பேன். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களையும் விட்டதில்லை. 'லூஸ்' என்று நஷ்டப்படுவதற்கு ஒரு 'ஓ' போதும் சார், இரண்டு போட்டால் சட்டை தொளதொள என்று அர்த்தம் என்பேன்.

2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாள். சென்செக்ஸ் ஒரே நாளில் சுமார் 4,390 புள்ளிகள் விழுந்தது. குழுவில் ஒருத்தர் "ஏன் இவ்வளவு இரக்கம்?" என்று கேட்டார். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கினால் முதலில் வருவது அந்த 'ர'தான், அவர் மேல் தப்பில்லை. நான் விடுவேனா? "சந்தைக்கு ஏதுங்க இரக்கம்? அது இறக்கம்!" பதினாறு பேர் சிரித்திருந்தார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் பணம் போயிருந்தது, எனக்கு மட்டும் சந்தோஷம்.

அந்த வாரக் கடைசியில்தான் அண்ணாச்சி எழுதினார்.

அண்ணாச்சிக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அஞ்சாவது முடித்ததும் அப்பாவோடு இங்கே வந்துவிட்டார், அப்புறம் படித்ததெல்லாம் மராட்டிதான். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ் நன்றாகப் படிப்பார், எழுதுவது காதில் விழுகிறபடி. எப்போதும் காலை வணக்கம் மட்டும் போடுகிறவர், அன்றைக்கு இப்படிப் போட்டார்: "லாபத்துக்கு 15 சதம் வறி கட்டுனாதான் பணம் எடுக்க முடியும்னு சொல்ராங்க கட்டவா?"

நான் உடனே பதில் போட்டேன். "வரி, அண்ணாச்சி. வறி என்று எழுதினால் வறியவராகிவிடுவீர்கள் :-)"

அதற்கும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் கை கூப்புகிற படம் ஒன்று போட்டார். அப்புறம் யாரோ வரப்போகிற ஐபிஓ பற்றி ஆரம்பிக்க, பேச்சு அங்கே போய்விட்டது. அவர் கேட்ட கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

அந்தப் பதில் எனக்குத் தெரியும், அதுதான் கொடுமை. இந்தியாவில் வசிக்கிறவர் பங்கு விற்ற லாபத்துக்கு வரியை அவரே வருமான வரித்துறைக்குக் கட்டுகிறார். புரோக்கர் அந்த வரியைக் கேட்டு வாங்குவதில்லை, முதலில் கட்டு, அப்புறம் எடு என்று சொல்வதும் இல்லை. ஒரே வரியில் 'கட்டாதீங்க' என்று எழுதியிருக்கலாம்.

ஒன்பது நாள் கழித்து அவர் வீட்டம்மா என் மனைவிக்குப் போன் பண்ணினார். நேரில் போனேன். அண்ணாச்சி மொபைலை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மூன்று தவணையாக 3,50,000 ரூபாய் போட்டிருக்கிறார். அந்தச் செயலி 10,70,000 என்று காட்டியிருக்கிறது. 'லாபம்' 7,20,000-க்குப் பதினைந்து சதவீதம், 1,08,000 ரூபாய். அதைக் கட்டின மறுநாளே குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள், செயலியும் திறக்கவில்லை.

அவர்கள் அனுப்பின செய்திகளை முதலிலிருந்து படித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பிழை கிடையாது. ஒற்று மிகும் இடம், மிகா இடம் எல்லாம் கச்சிதம். என்னிடம் காட்டியிருந்தால் 'பார்த்தீர்களா, இப்படி எழுத வேண்டும்' என்று பாராட்டியிருப்பேன்.

பிழை வேறு இடத்தில் இருந்தது. செயலியின் பெயர் ஒரு பெரிய புரோக்கர் நிறுவனத்தின் பெயர் மாதிரியே இருந்தது, நடுவில் ஒரு எழுத்து மட்டும் கூடுதல். செபி பதிவு எண் என்று ஒன்று போட்டிருந்தார்கள், ஐ.என்.ஏ. என்று தொடங்கியது. அது முதலீட்டு ஆலோசகர்களுக்கானது. பங்குத் தரகர் என்றால் ஐ.என்.இசட். என்று இருக்க வேண்டும். செபி தளத்தில் தேடிப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகுமா? என் கண்ணில் பட்டிருக்க வேண்டிய இரண்டு எழுத்துகள், அவ்வளவுதான்.

1930-க்குப் போன் பண்ணினோம். பணம் போன கணக்குகளின் விவரம் கேட்டார்கள். சீக்கிரம் சொல்லியிருந்தால் அது கைமாறுவதற்குள் முடக்கப் பார்க்கலாமாம். ஒன்பது நாளில் அது எத்தனை கைமாறியதோ. பிறகு ஒரு கணக்கில் 31,000 மட்டும் முடக்கியதாகத் தகவல் வந்தது. மகன் பெங்களூரில் இருக்கிறான், அவனுக்கு இன்னும் தெரியாது.

"நான் கேட்டேன்ல தம்பி, குரூப்ல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. தான் கேட்டது சரியாக வந்து சேரவில்லையோ என்கிற மாதிரி சொன்னார். "நான் எழுதுனது புரியலையோன்னு நெனச்சேன்."

புரிந்தது அண்ணாச்சி என்று சொல்ல வாய் வரவில்லை.

புகாரை இணையத்தில் நான்தான் நிரப்பினேன். பெயர் கேட்டது. ஆதார் அட்டையில் ஒரு எல், பாஸ்புக்கில் இரண்டு எல், பான் கார்டில் அப்பா பெயர் நீட்டி எழுதி, கடைசியில் ஒரு எச் வேறு. மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தார்.

"இதுல எது தம்பி சரி?"

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் போனது வங்கியிலிருந்துதானே என்று பாஸ்புக்கில் இருந்தபடியே போட்டேன்.