தீப்பெட்டிப் படத்துக்கும் வாங்க ஆள் உண்டு!

கோவில்பட்டிக்குப் போனால் கடலைமிட்டாய் இல்லாமல் திரும்புவோமா? இந்த முறை அதோடு ஒரு கட்டு பழைய தீப்பெட்டிப் படங்களும் வந்தன!

மழையை நம்பிய கரிசல் பூமி. வெள்ளாமை பொய்த்தால் பல வீடுகளில் தீப்பெட்டிதான் சோறு போட்டது. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தாவில் கற்று வந்த தொழில் இது.

என் அத்தையும் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியவர்தான். மீந்த படங்களைத் தகரப் பெட்டிக்குள் விரித்திருந்தார். "எடைக்குப் போடப் போறேன் தாயி" என்றாரே பார்க்கணும்!

எடைக்கடைக்குப் போகிற இப்படிப்பட்ட கட்டுகளைத் தேடிப் பிடித்துத்தான் சேகரிப்பவர்களுக்கு விற்கிறார்கள். அவர்கள் தங்களுக்குள் தபாலில் மாற்றிக்கொள்வதும் உண்டு. அச்சுப் பிழை இருந்தால் மவுசு கூடுதல்! இப்போது அட்டையிலேயே அச்சடித்து விடுவதால் தனிப்படம் அரிதாகிவிட்டது. பழைய மரப்பெட்டி கிடைத்தால் படத்தைக் கிழிக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டால் தானே கழன்று வரும். நிழலில் உலர்த்துங்கள்.

விஷயத்தைச் சொன்னதும் அத்தை கேட்டார்: "ஒரு குரோஸ், 144 பெட்டி ஒட்டினா அன்னிக்குக் காசுக் கணக்குலதான் கூலி. இப்ப வெறும் படத்துக்கு ரூபாயாத் தாராகளா?"

பாதியை அவரிடமே கொடுத்து, பத்திரப்படுத்தச் சொல்லிவிட்டு வந்தேன்.