ஊசிக்குச்சியில் இருக்கும் எண்

ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்குக் கறவை மாடு பிடிக்க வரும் அனுபவசாலி, மடியின் பருமனைப் பார்த்து மயங்குவதில்லை. முந்தின நாள் மாலை கறக்காமல் விட்டிருந்தால் எந்த மடியும் பெருத்துத்தான் தெரியும். வயிற்றுக்கு அடியில் முன்னோக்கிப் போகும் பால் நரம்பைத் தடவிப் பார்ப்பார். நாலு காம்பையும் தனித்தனியாக இழுத்து, முதல் பீச்சுப் பாலை உள்ளங்கையில் விட்டுத் திரி கட்டியிருக்கிறதா என்று கவனிப்பார். திரி இருந்தால் மடிநோய். பல்லைப் பிரித்து வயதைக் கணிப்பார். எத்தனையாவது ஈத்து என்று கேட்டு, பதிலைப் பல்லோடு ஒப்பிடுவார். விற்பவர் சம்மதித்தால் இரண்டு வேளையாவது கறந்து பார்த்த பிறகுதான் பணம் கைமாறும்.

இவ்வளவு பார்த்தும் இரண்டு விஷயங்கள் அவர் கண்ணில் படுவதில்லை. அந்தப் பாலில் கொழுப்பு எவ்வளவு என்பது ஒன்று. அந்த மாட்டுக்கு அப்பன் எந்தக் காளை என்பது இன்னொன்று. இரண்டாவது தெரிந்திருந்தால் முதலாவதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

பால் சொசைட்டியில் லிட்டர் கணக்கு மட்டும் செல்லாது. கொழுப்பும், கொழுப்பு நீங்கலான திடச்சத்தும் சேர்ந்துதான் விலையாகிறது. கறவைக்காரர்கள் பேச்சில் இவை ஃபேட், எஸ்.என்.எஃப். பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 3.2 சதவீதக் கொழுப்பு, 8.3 சதவீத இதர திடச்சத்து. எச்.எஃப். எனப்படும் ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் மாட்டின் பாலில் கொழுப்பு 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஜெர்சியில் 5-ஐத் தொடும். எருமையில் 7 வரை போகும். 20 லிட்டர் கறக்கும் எச்.எஃப். மாடு ஒரு நாளில் தரும் கொழுப்பும், 14 லிட்டர் கறக்கும் ஜெர்சி தரும் கொழுப்பும் ஏறத்தாழ ஒன்றுதான்: 700 கிராம். ஆனால் எச்.எஃப். பசு 600 கிலோ உடம்பைத் தாங்குகிறது. ஜெர்சி 400 கிலோ சுமாரில் நிற்கிறது. பால் சுரப்பதற்கு முன் அந்த உடம்பைக் காப்பாற்றவே தீவனம் வேண்டும். வெயிலைத் தாங்குவதிலும் சின்ன உடம்புக்குத்தான் அனுகூலம். தமிழ்நாட்டின் இனவிருத்திக் கொள்கை சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு எச்.எஃப். என்று பிரித்து வைத்ததற்குக் காரணம் இதுதான். அப்படியும் சமவெளிக் கொட்டகைகளில் கருப்பு வெள்ளை எச்.எஃப். மாடுகள் நிறைந்திருக்கின்றன. வாங்கும்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை லிட்டர்?”

பால் கூடினால் தண்ணியாகப் போகும் என்று கிராமத்தில் சொல்வார்கள். மரபியலும் அதையேதான் சொல்கிறது. 2002-இல் டி.ஜி.ஏ.டி.1 என்ற மரபணுவில் ஓரிடத்து மாற்றம் பாலின் கொழுப்பை மாற்றுவது தெரியவந்தது. ஒரு வடிவம் இருந்தால் பால் கெட்டியாக, அளவில் குறைவாக வரும். மற்றது இருந்தால் பால் அதிகம், கெட்டி குறைவு. நம் திமில் மாடுகளிடமும் எருமைகளிடமும் இருப்பது பெரும்பாலும் கெட்டிப்பால் வடிவம். லிட்டரை மட்டுமே பார்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கினால் கொழுப்புச் சதவீதம் தானாகச் சரியும். நல்ல செய்தியும் உண்டு. மாட்டுக்கு மாடு பால் அளவில் தெரியும் வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு கால்வாசியைச் சுற்றித்தான். மிச்சம் தீவனமும் பராமரிப்பும். கொழுப்புச் சதவீதத்தில் அந்தப் பங்கு பாதியை ஒட்டி வருகிறது. கொழுப்புக்காகத் தேர்ந்தெடுப்பவருக்குப் பலன் நிச்சயமாகவும் சீக்கிரமாகவும் கிடைக்கும்.

தீவனத்தில் சரி செய்ய வேண்டியதைத் தீவனத்தில்தான் செய்ய வேண்டும். நார்ச்சத்துள்ள தட்டும் வைக்கோலும் குறைந்து புண்ணாக்கும் தவிடும் மிகுந்தால் கொழுப்பு இறங்கும். கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். அதைக் கன்றுக்கு விட்டுவிட்டு முதல் பாலைக் கேனில் ஊற்றினால் சொசைட்டி மெஷினில் எண் குறைந்துதான் வரும். இதற்கெல்லாம் இனத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

இனி சினை ஊசி. கறவை மாடு வளர்ப்பில் மாடு வாங்குவதைவிடப் பெரிய முடிவு இதுதான். பருவத்துக்கு வந்த மாடு கத்துகிறது, தெளிந்த ஒழுக்கு தொங்குகிறது. காலையில் தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி. மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன் கேனுக்குள் கிடக்கும் காளை விந்துக் குச்சியை இடுக்கியால் எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் போட்டு, ஈரம் துடைத்து, முனையை நறுக்கிப் பொருத்துவார்கள். கால் மில்லி பிடிக்கும் அந்தக் குச்சியின் மேல் பொடி எழுத்தில் காளையின் எண்ணும் இனமும் அச்சாகியிருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. ஊசி போட்டு முடிந்ததும் வெறுங்குச்சியைக் கேட்டு வாங்கி, எண்ணைக் குறித்துக்கொள்பவர் ஊருக்கு ஓரிருவர் இருக்கலாம். இன்று போட்ட ஊசியில் பிறக்கும் கிடேரி, நல்ல வளர்ப்பில் இரண்டரை வயதில் தலையீத்து ஈனும். இன்றைய முடிவு பாலாகிக் கேனில் விழ மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஊசி போட்ட நாளே மறந்திருக்கும். காளை யார் நினைவில் இருக்கும்?

படிக்காமல் விடுவதில் முதல் நஷ்டம் ரத்த அளவு. நாட்டு மாட்டுக்கு ஜெர்சி ஊசி போட்டால் கன்றுக்கு வெளிநாட்டு ரத்தம் 50 சதவீதம். அந்தக் கிடேரிக்கும் அதே ஊசி என்றால் 75. அடுத்ததற்கு 87.5. பால் ஏறுகிறதே என்று தோன்றும். கூடவே சித்திரை வெயிலில் மூச்சிரைப்பு, உண்ணிக் காய்ச்சல், ஊசி போட்டும் போட்டும் சினை நிற்காத நிலை என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். பாதியை ஒட்டியே ரத்தத்தை நிறுத்தக் கலப்பினக் காளைக் குச்சிகள் இருக்கின்றன. முதல் கலப்பில் வந்த வீரியம் அடுத்த தலைமுறையில் கொஞ்சம் குறையும். சினை நிற்காமல் வருஷக்கணக்கில் மலட்டுத் தீனி போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாவது நஷ்டம், அப்பனையே மகளுக்கும் போட்டுவிடுவது. எண் எழுதாத கொட்டகையில் இது சத்தமில்லாமல் நடக்கும். எழுதிவைக்கும் நாடுகளிலேயே ஒரு காளையின் ரத்தம் எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு அமெரிக்காவில் 1962-இல் பிறந்த சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளை சாட்சி. அதற்கு 16,000 மகள்கள், 5 லட்சம் பேத்திகள். பால் கொட்டியது. ஆனால் அந்தக் காளையின் உடம்பில் ஒரு மரபணுக் குறை மறைந்திருந்தது. தாய் வழியிலும் தந்தை வழியிலும் அது கருவுக்கு வந்துவிட்டால் கரு கலைந்துவிடும். உலகம் முழுக்க 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கள் அப்படிக் கலைந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட மதிப்பீடு. அங்கே வம்சாவளிப் பதிவு இருந்ததால்தான் குறையின் மூலத்தை அந்தக் காளை வரை பின்தொடர்ந்து போக முடிந்தது.

ஏ2 பால் பற்றியும் ஒரு வார்த்தை. பீட்டா கேசின் என்ற புரதத்தில் 67-ஆம் இடத்தில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்பதுதான் ஏ1, ஏ2 வித்தியாசம். கொழுப்பு எவ்வளவு, மடி சுத்தமா என்பதை அது சொல்லாது. பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று போடக் கூடாது என 2024 ஆகஸ்டில் அறிவித்த உணவுப் பாதுகாப்பு ஆணையம், சில நாளிலேயே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. ஏ2 பால் மீதான ஆசையில் காங்கேயம் பசுவுக்குக் கிர் ஊசி போடுவதுதான் உண்மையான வருத்தம். காங்கேயம் உழவுக்கும் வண்டிக்கும் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த இனம். கிர் பாலுக்காக வளர்த்த இனம். கலந்தால் கிர் அளவுக்குப் பாலும் வராது, காங்கேயத்தின் கால் உறுதியும் போய்விடும். காங்கேயத்துக்குக் காங்கேயம் குச்சிதான்.

காளை தன் பாலைக் காட்டாது. மகள்கள் கறந்து காட்டினால்தான் அதன் தரம் தெரியும். பக்கத்துக் கேரளம் இதை 1977-லேயே விவசாயிகளின் கொட்டகைகளில் தொடங்கியது: ஊர் ஊராகப் போய் மகள்களின் பாலை அளந்து, எந்தக் காளை நல்லது என்று முடிவு செய்தார்கள். அங்கே மாட்டுப்பட்டியில் 1963-இல் சுவிஸ் உதவியோடு ஆரம்பித்த வேலை, பிரௌன் சுவிஸ் ரத்தத்தில் தொடங்கி, சுனந்தினி என்ற கலப்பினமாக நிலைத்ததற்கு அந்தப் பால் அளவீடுதான் அடித்தளம்.

அதற்கு வேண்டிய பொருள் இன்று இங்கேயும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மாட்டின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் தோடு தொங்குகிறது. சொசைட்டியில் கொழுப்பைச் சொல்லும் மெஷின் இருக்கிறது. குச்சியில் காளை எண் இருக்கிறது. மூன்றும் ஒரே நோட்டில் சந்திக்கவில்லை, அவ்வளவுதான். உறுப்பினரின் எல்லா மாட்டுப் பாலும் ஒரே கேனில் கலந்து வருவதால் சொசைட்டிக் கணக்கிலிருந்து தனி மாட்டின் தரத்தைப் பிரித்தெடுக்க முடியாது. மாதம் ஒருநாள், காலை மாலை இரண்டு வேளையும் ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனியே அளந்து, நன்றாகக் கலக்கி, ஒரு சின்னப் பாட்டிலில் எடுத்து மெஷினில் விடச் சொல்லலாம். தோட்டு எண், அப்பன் எண், லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப். என்று ஐந்து கட்டம் போட்ட நோட்டு போதும். ஒரு சொசைட்டியில் பாதிப்பேர் இதைச் செய்தாலே, அடுத்த முறை கால்நடை மருந்தகத்தில் எந்தக் காளையின் குச்சியைக் கேட்டு வாங்குவது என்பது அந்த ஊருக்குத் தெரிந்திருக்கும்.