ஏரிக்கரை வழியே மல்லைக்கு

மலைமிதிவண்டி என்றதும் வாசக அன்பர்கள் நீலகிரியையோ ஏற்காட்டையோ எண்ணக்கூடும். நமது செங்கற்பட்டுச் சீமையிலும் அதற்கேற்ற வழிகள் உண்டென்று பங்கு இளைஞர் நால்வர் நம்மை விடாது வற்புறுத்தினர். ஞாயிறன்று திருப்பலியை விட்டு நகர இயலாத நமக்குச் சனிக்கிழமை ஒன்றே வாய்த்தது. மார்கழியின் கடைசிச் சனியன்று, முன்னிரவில் பெய்த தூறலின் ஈரம் காயுமுன்னே, கொளவாய் ஏரியின் பனிமூட்டத்தைக் கடந்து புறப்பட்டோம். அவர்களிடம் பல் வைத்த தடித்த டயர்களும் பல கியர்களும் கொண்ட புது வண்டிகள்; நம்மிடம் கிளைக் கிராமங்களுக்குச் சென்று சென்று தேய்ந்த பழைய ராலி.

திருக்கழுக்குன்றம் சாலையில் முதலில் வருவது வல்லம். அங்குள்ள குன்றில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் குடைவரைகள் உள்ளன. வசந்தப்பிரியராசன் மகன் கந்தசேனன் செய்வித்தது என ஒன்றில் தமிழ்க் கல்வெட்டே சான்று பகர்கிறது. பாறையருகே வண்டிகளைச் சாய்த்துவிட்டு ஏறிப் பார்த்தோம். கீழே பச்சை வயல்கள், அவற்றிற்கப்பால் ஏரிகள். பாலாறு பெரும்பாலான நாள்களில் மணலாய்க் கிடக்கும் இந்நாட்டில் ஏரிகளே உழவரின் உயிர். அவற்றின் கரைகளே இளைஞர் தேடி வந்த மலைப்பாதை!

சாலையை விட்டு ஓர் ஏரிக்கரையில் ஏறினோம். கரையின் உச்சி குறுகலாய், மேடும் பள்ளமுமாய் அவர்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. நால்வரும் கூவிக்கொண்டு விரைந்தனர். மதகருகே மண்வெட்டியுடன் நின்றிருந்த முதியவர் ஒருவர் கையை விரித்து வழி மறித்தார். நம்மை அடையாளம் கண்டுகொண்டும் அவர் குரல் தணியவில்லை.

“சாமி, நீங்களே இப்படிச் செய்யலாமா? ஈரக் கரையிலே சக்கரம் விட்டால் கரை என்னத்துக்காகும்?”

நமக்கு நாணமாயிற்று. அவர் காட்டிய இடத்தில் டயர்களின் தடம் விரற்கடை ஆழத்திற்கு வாய்க்கால்போல் ஓடியிருந்தது. அடுத்த மழையில் நீர் அத்தடத்தில் தேங்கும். தாழ்வான இடம் கண்டு சரிவில் இறங்கும். இறங்கும்போது மண்ணை அரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் நாளில் அந்த அரிப்பே உடைப்பாகிவிடும். பெரிய வெள்ளம் சிறிய கீறலைத்தான் தேடுகிறது என்பதை நமது குருமடத்துத் தத்துவ நூல்கள் நமக்குச் சொன்னதில்லை. இறங்கி வண்டிகளை உருட்டிச் சென்றோம்.

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. இவ்விளையாட்டு வளர்ந்த கலிபோர்னியாவின் தாமல்பாயிஸ் மலையில், 1970-களில் இளைஞர் பழைய வண்டிகளைத் திருத்திச் சரிவில் ஓட்டினர். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றது. ஆயினும் அம்மலையிலேயே, மண்ணரிப்பையும் நடப்போர் இடரையும் காட்டி, ஒற்றையடிப் பாதைகள் பலவற்றில் மிதிவண்டிக்குத் தடை வந்தது.

திருக்கழுக்குன்றத்தில் இட்டலி உண்டு, மலைப்படிகளில் ஏறினோம். இரு கழுகுகள் நண்பகலில் வந்து உணவு கொண்ட காட்சியால் புகழ்பெற்ற மலை இது. அவை வருவது நின்று ஆண்டுகள் பல ஆகின்றன. மலையிலுள்ள ஒருகல் மண்டபத்தின் தூண்களில் 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர் தம் பெயர்களைச் செதுக்கிவைத்துள்ளனர். சுற்றுலாச் சென்ற இடத்தில் பெயர் கிறுக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளிடம் மட்டும் குறைகூறுதல் நீதியன்று.

அவர்கள் வந்த ஊர் சதுரங்கப்பட்டினம். நாமும் அங்கே சென்றோம். கடலோரச் செங்கற்கோட்டையுள் அவர்தம் கல்லறைகள் நுண்ணிய வேலைப்பாட்டுடன் உள்ளன. துணி வாணிகத்துக்கு வந்தவர் மண்ணோடு மண்ணானார்.

அங்கிருந்து மல்லைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வது எளிது; ஆனால் சனிக்கிழமைகளில் கார்களின் விரைவு அஞ்சத்தக்கது. ஆதலின் பக்கிங்காம் கால்வாய்ப் பக்கத்து மண்பாதையைத் தேர்ந்தோம். 1876-78 பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாகச் சென்னையில் இணைப்பு வெட்டப்பட்டு, ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் பெற்ற நீர்வழி இது. ஒருகாலத்தில் விறகும் உப்பும் படகில் சென்றன. இங்கே மணல் ஆழம். தடித்த டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் வண்டி மிதந்து செல்கிறது. நமது ராலியோ அச்சுவரை புதைந்தது. ஒரு கல் தொலைவு தள்ளினோம். சீமைக்கருவேல் முள் இருமுறை டியூபைப் பதம் பார்த்தது. செல்ல விழைவோர் ஒட்டுப்போடும் பொருள்களையும் பம்பையும் மறவாதீர். தண்ணீர் இரு மடங்கு எடுத்துச் செல்வீர்.

தெற்கிலிருந்து வருவோரை மல்லையில் ஐந்து இரதங்களே முதலில் வரவேற்கின்றன. ஒரு மணி நேரம் அவற்றின் நிழலில் கால்களை நீட்டினோம். முழங்கால் செய்த முறையீட்டை இங்கு எழுதவில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாகவே நேரே திரும்பினோம். பொழுது சாயும் வேளையில் ஏரியை அடைந்தபோது, காலையில் நமது சக்கரங்கள் கீறிய தடத்தில் அம்முதியவர் மண் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார். நால்வரில் ஒருவன் வண்டியைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டுச் சென்று, “தாத்தா, மண்வெட்டியைக் கொடுங்கள்” என்றான். அவர் உடனே கொடுக்கவில்லை. அவன் செருப்பைக் கழற்றிய பின்பே கொடுத்தார்.