அப்பார்க் மாளிகையின் சுரங்கவழி

எந்தப் பெரிய வீட்டைப் பார்த்தாலும் நாங்கள் முதலில் தேடுவது பின்வாசலைத்தான். வீட்டுக்காரர் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்புவதை முன்வாசல் சொல்லும். மிச்சத்தைப் பின்வாசல் சொல்லிவிடும்.

இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில், குன்றின் உச்சியில் நிற்கிறது அப்பார்க். 1690 வாக்கில் எழுந்த செங்கல் மாளிகை. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் முதல் தரம். நடுவில் முக்கோண முகப்பு, இருபுறமும் அளவெடுத்த ஜன்னல் வரிசை. சற்றுத் தள்ளி இரண்டு துணைக் கட்டடங்கள். ஒன்று குதிரை லாயம். இன்னொன்றில் ஒரு காலத்தில் சமையலறை இருந்தது. அங்கிருந்து சாப்பாடு மேசைக்கு எப்படிப் போனது? வேலைக்காரர்கள் தட்டோடு புல்வெளியைக் கடந்தால் காட்சி கெட்டுவிடுமே! பூமிக்கடியில் சுரங்கம் இருந்தது. உழைப்பு வேண்டும், உழைக்கும் ஆள் கண்ணில் படக்கூடாது. மலம் அள்ளுகிறவர் வந்துபோக வீட்டுக்குப் பின்னால் தனிச்சந்து விட்ட நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, தோழர்களே. 1825இல் இந்த மாளிகையின் முதலாளி சர் ஹாரி, எழுபது வயதைத் தாண்டியவர், தன் பால்பண்ணையில் வேலை செய்த மேரி ஆன் என்ற இளம்பெண்ணை மணந்தார். சொத்தையும் அவருக்கே எழுதி வைத்தார். அவருக்குப் பின் அவர் தங்கை எஜமானி ஆனார். வர்க்கத்தின் சுவரில் எப்போதாவது இப்படி ஒரு கதவு திறக்கும். சாதியில் அந்தக் கதவைத் தட்டியவர்களுக்கு என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

அதற்காக ஆங்கிலேயரைப் பாராட்டவும் நாங்கள் தயாரில்லை. பண்ணைப்பெண்ணின் தங்கை மேலே அமர்ந்த பிறகும் சுரங்கம் சுரங்கமாகவே இருந்தது. 1880 முதல் 1893 வரை அங்கே வேலையாட்களை மேற்பார்த்த சாரா வெல்ஸ், எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸின் தாய். மகன் அந்த வீட்டுப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர். 1895இல் வந்த அவருடைய ‘கால இயந்திரம்’ நாவலில் மேலே சொகுசாக ஒரு கூட்டம், பூமிக்கடியில் இயந்திரங்களோடு இன்னொரு கூட்டம். எங்கே பார்த்தார் என்று கேட்கவேண்டுமா?

1989இல் பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்தபோது கூரையில் பிடித்த தீ மேல்தளத்தை அழித்தது. கைவினைஞர்களைக் கொண்டு பழையபடியே கட்டி, 1995இல் மீண்டும் திறந்தார்கள்.

அந்தப் பக்கம் படிக்கப் போகும் தோழர்கள் ஒருநாள் போய் வாருங்கள். வரவேற்பறையை அப்புறம் பார்க்கலாம். முதலில் கீழே இறங்குங்கள்.