பிக் பென் ஒரு சேவல்

நீங்க அடையாறு பக்கம்னா, திருவான்மியூர் குப்பம் பீச் ரோட்ல 'புக் பில்டிங்'கைத் தாண்டிப் போயிருப்பீங்க. தாரா புக்ஸ் பதிப்பகத்தோட இடம். கீதா வுல்ஃப் 1994-ல ஆரம்பிச்ச பதிப்பகம். புத்தகங்களோட சேர்த்துப் பழங்குடி ஓவியங்களையும் அங்க பார்க்கலாம்.

நான் போனது ஓவியத்துக்காக இல்ல. எங்க அப்பா மயிலாப்பூர்ல ஸ்கிரீன் பிரிண்டிங் பண்றவர். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, தாம்பூலப் பை. பாதி வேலை டிஜிட்டலுக்குப் போயிடுச்சு. மேஜையை வித்துடலாம்னு வீட்ல பேச்சு. அந்த நேரத்துலதான் ஒரு புத்தகம் முழுக்கக் கையாலயே ஸ்கிரீன் பிரிண்ட் பண்ணதுன்னு கேள்விப்பட்டேன்.

'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்', 2006. கருப்புத் தாள்ல மரங்கள். வரைஞ்சது பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி. மூணு பேருமே மத்தியப் பிரதேசத்துக் கோண்ட் ஓவியர்கள். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன். முதல் கலர் காயணும், அடுத்தது அதுமேல நகராம உட்காரணும். லேப்ல அலைன்மெண்ட் சரியா வராம நீங்களும் தலையைப் பிச்சிருப்பீங்க இல்லையா? அதை இங்க கண்ணும் கையும் பண்ணுது. ஒவ்வொரு பிரதியிலயும் கையால நம்பர் வேற.

கோண்ட் ஓவியம் வீட்டுச் சுவர்லயும் தரையிலயும் இருந்தது. 1980-கள்ல போபால் பாரத் பவனைச் சேர்ந்த ஜே. சுவாமிநாதனோட குழு பாட்டன்கட் கிராமத்துல ஜன்கட் சிங் ஷ்யாமைக் கண்டுபிடிச்சாங்க. அவர் போபாலுக்கு வந்தார், பின்னாடியே சொந்தக்காரங்களும் வந்து அவர்கிட்ட கத்துக்கிட்டாங்க. ஒரு குடும்பமே ஒரு பாணி ஆயிடுச்சு. பஜ்ஜு அவரோட சொந்தக்காரர். அதுக்கு முன்னாடி நைட் வாட்ச்மேன், எலெக்ட்ரீஷியன். அப்புறம் லண்டன்ல ஒரு உணவகச் சுவர்ல வரையப் போனார். திரும்பி வந்து போட்டதுதான் 'தி லண்டன் ஜங்கிள் புக்' (2004). அதுல பிக் பென் ஒரு சேவல், ஏன்னா ரெண்டும் நேரம் சொல்லுது. சுரங்க ரயில் மண்புழு. சாயங்காலம் ஆனா வெளிய வர்ற ஆங்கிலேயர்கள் வௌவால்கள். ஸ்கூல்ல பன்னெண்டு வருஷம் இங்கிலீஷ் பாட்டு மனப்பாடம் பண்ண எனக்கு இது செம்ம திருப்தி. 2018-ல அவருக்குப் பத்மஸ்ரீ.

கனடாவோட ஆர்க்டிக் பகுதியில கிங்கைட்னு ஒரு ஊர் இருக்கு, முந்தி கேப் டோர்செட். அங்க இன்யூட் மக்கள் கல்லுல செதுக்கி அதுமேல மை பூசிப் படம் அச்சடிக்கிறாங்க. 1959-லேர்ந்து வருஷா வருஷம் ஒரு தொகுப்பு. கெனோஜுவாக் அஷேவாக் வரைஞ்ச ஆந்தை 1970-ல கனடா தபால் தலையிலயே வந்துச்சு. எனக்குப் பிடிச்ச விஷயம் வேற: அந்தப் படங்கள்ல வரைஞ்சவர் பேரோட கல்லைச் செதுக்கினவர் பேரும் இருக்கும். ரெண்டு பேருக்கும் இடம்.

மரங்கள் புத்தகத்தை வீட்டுக்கு வாங்கிட்டு வந்தேன். என் பாக்கெட் மணிக்கு அது ஓவர்தான். அப்பா படத்தைப் பார்க்கல. விரலை வச்சு மையைத் தடவினார். "எத்தனை ஸ்கிரீன்டா?"ன்னு கேட்டார். அப்புறம் அச்சடிச்சவங்க பேர் எங்கன்னு தேடினார். சென்னை, ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ். ரெண்டு தடவை படிச்சார்.

மேஜைக்கு ஆள் வந்து விலை சொல்லிட்டுப் போயாச்சு. "ரெண்டு மாசம் போகட்டும்"ங்கறார் அப்பா. அம்மா இன்னும் ஒத்துக்கல.